தட்டிப் பார்க்கத் தயங்கிய மரங்கொத்தி

ஒரு காட்டில் மழைக்காலத்துக்கு முன்பு எல்லா விலங்குகளும் தங்கள் பலாக்கொட்டைகளை ஒரு மரநாயிடம் கொடுத்துவைத்தன. மரநாயின் மரப்பொந்து பெரிது. வாய் அதைவிடப் பெரிது! "பத்து கொடுங்கள், பன்னிரண்டாகத் தருகிறேன்!" என்றது. எப்படித் தருவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது மரங்கொத்தி. எந்தச் சேமிப்புப் பொந்தையும் தட்டிப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் உடைத்துத் திறக்கவும் சிங்கராஜா அதற்கு அதிகாரம் கொடுத்திருந்தார்.

மேற்கே மேகம் கறுத்தது. செவ்வந்தி என்ற அணில் பொந்துக்கு ஓடிவந்தது.

"அண்ணா, என் முப்பது கொட்டைகளைக் கொடுங்கள்! வீட்டில் மூன்று குட்டிகள்!"

"நாளைக்கு வாம்மா!" என்றது மரநாய்.

"இதையேதான் பத்து நாளாகச் சொல்கிறீர்கள்!"

செவ்வந்தி மரங்கொத்தியிடம் ஓடியது. மரங்கொத்தி அலுத்துக்கொண்டது.

"போன வாரம் நீ சொன்னதும் போய்ப் பார்த்தேனே! பொந்து நிறைந்திருந்தது."

"தட்டிப் பார்த்தீர்களா?"

"பெரிய இடம். தட்டினால் மரியாதையாக இருக்காதே! முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன்."

"மழை பிடித்துக்கொண்டால் என் குட்டிகள் எதைத் தின்னும்? உங்கள் மரியாதையையா?"

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. உடனே பொந்துக்குப் பறந்தது.

அதைக் கண்டதும் கொட்டை போட்டவர்களே கூடிவிட்டார்கள்! முயல் கத்தியது: "தட்டாதே! ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் இறங்கும்! எங்கள் கொட்டையெல்லாம் முளைத்துப்போகும்!"

மரநாய் சிரித்தது. "நாளை நானே திறந்து காட்டுகிறேன், ஐயா!"

இடி இடித்தது. மரங்கொத்தி தயங்கியது. செவ்வந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மரங்கொத்தி பொந்தின் வாயருகே தட்டியது. "டக்!"

ஒரு சாண் கீழே தட்டியது. "டொம்!"

உள்ளே காலி என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. மரநாய் மெல்லப் பின்வாங்கியது. மரங்கொத்தி ஓங்கிக் கொத்தியது, பட்டை தெறித்தது. மேலே பரப்பிய இலைகள்மீது ஒரு வரிசை கொட்டை. அடியில் வெறும் கொட்டைத் தோல்! பின்பக்க ஓட்டையருகே ஆற்றைக் கடக்கத் தயாராகச் சில கொட்டை மூட்டைகள்!

"ஓடுகிறான், மறியுங்கள்!" என்று கத்தியது செவ்வந்தி.

தட்டாதே என்று கத்திய முயல்தான் முதலில் பாய்ந்தது. மரநாய் அகப்பட்டது.

"இனி இந்தக் காட்டில் யாரிடமும் நீ ஒரு கொட்டைகூட வாங்கக் கூடாது!" என்றது மரங்கொத்தி. இருந்ததை எல்லாருக்கும் பங்கிட்டது. மற்றதெல்லாம் இந்த ஒரு வாரத்தில் ஆற்றைத் தாண்டிவிட்டது.

செவ்வந்திக்குக் கிடைத்தது இருபது. இரண்டு குட்டிகளுக்குத்தான் போதும்.

"போன வாரமே தட்டியிருந்தால்?" என்றது செவ்வந்தி.

மழை தொடங்கியது. மரங்கொத்தியால் தலை நிமிர முடியவில்லை.

தப்பைத் தடுக்க அதிகாரம் பெற்றவர் தயங்கித் தயங்கி நின்றால், பட்டினி கிடப்பது அவரை நம்பிய எளியவர்தான்.