செவலையின் ஓட்டு

ஒரு காட்டில் கரடி ஒன்றுக்கு முப்பது கழுதைகள் தேன்குடம் சுமந்தன. உச்சிக் குகைக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று வழுக்குப்பாறை. மற்றொன்று நல்ல சுற்றுப்பாதை. நேரமாகிறது என்று சுற்றுப்பாதையைக் கரடி முள் போட்டு அடைத்துவிட்டது.

கழுதைகளுக்கு இரண்டு சங்கங்கள். ஒன்றுக்குக் கருவால் தலைவர், மற்றதற்கு வெள்ளைமூக்கு. மழைக்காலத்தில் சுற்றுப்பாதையைத் திறக்க வேண்டும் என்பதுதான் இரண்டின் கோரிக்கையும். ஒன்றையே கேட்க இரண்டு சங்கம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அது கழுதைகளுக்கே தெரியாது.

"ரெண்டு பேரோட பேச எனக்கு நேரமில்ல. யாருக்கு அதிக ஆதரவோ அவங்க மட்டும் வரட்டும்," என்றது கரடி.

ரகசிய வாக்கெடுப்பு என்று முடிவானது. நரிதான் அதிகாரி. கருவால் சங்கத்துக்குப் புளியங்கொட்டை, வெள்ளைமூக்கு சங்கத்துக்கு வேப்பங்கொட்டை. புதருக்குள் தனியாகப் போய்ப் பானையில் போட வேண்டும். கடந்த மாதம் முழுக்கச் சுமந்தவர்களுக்கே ஓட்டு.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டு இரு தலைவர்களும் மாறி மாறி ஆட்சேபித்தார்கள். ஒருத்திக்குப் பிரசவம், ஒருவனுக்குக் காய்ச்சல். இப்படியே ஏழு பேர் பட்டியலில் அடிபட்டார்கள். நரி சிரிக்காமல் எழுதிக்கொண்டது.

கடைசியில் செவலை வந்தாள். போன மாதம் வழுக்குப்பாறையில் விழுந்து, பத்து நாள் படுத்துக் கிடந்தவள்.

"இவளுக்கு ஓட்டு கிடையாது," என்றான் கருவால். செவலை தினமும் வெள்ளைமூக்கு ஆட்களோடு இலுப்பை மரத்தடியில் நிற்பதை அவன் பார்த்திருந்தான். சுமை இறக்கிய பிறகு நொண்டிக் காலோடு அவளால் அதற்கு மேல் நடக்க முடியாது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

"வேலையில விழுந்தவளாச்சே, யோசிக்கணும்," என்றது நரி. அவள் ஓட்டை மட்டும் ஓர் இலையில் சுற்றித் தனியே வைத்தது.

எண்ணினார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று.

"சமம்னா யாரோடயும் பேச்சில்ல," என்று கரடி தூங்கப் போய்விட்டது. அன்றே மழை பிடித்துக்கொண்டது.

"ஆட்சேபணையை வாபஸ் வாங்கினா இலையைப் பிரிப்பேன். இல்லேன்னா செவலை இனி ஒரு மாசம் விடாம சுமக்கணும்," என்றது நரி.

செவலை கருவாலிடம் போனாள். "அண்ணே, வாபஸ் வாங்கிடுங்க. இந்தக் காலோட பாறை ஏற முடியல."

"யாருக்குப் போட்டேன்னு சொல்லு. வாங்கிடறேன்."

"சொன்னா ஓட்டு செல்லாதுன்னு நரி ஐயா சொல்லியிருக்காரே."

"அப்ப சுமந்துக்கோ," என்று கருவால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செவலை சுமந்தாள். மழையில் தினமும் அந்தப் பாறையில் ஏறினாள். வெள்ளைமூக்கு நாட்களை எண்ணினான், கருவாலும் எண்ணினான். ஒருவன்கூட அவள் குடத்தை வாங்கிச் சுமக்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

இருபத்தொன்பதாம் நாள் அவள் கால் இடறியது. பள்ளத்தில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் நரி பட்டியலில் அவள் பெயரை அடித்தது. "ஒரு நாள் குறையுது. இந்த ஓட்டு இனி யாருக்கும் வேண்டாம்," என்று இலையைத் தூக்கிச் சேற்றில் எறிந்தது.

விழுந்த இலை பிரிந்துகொண்டது. உள்ளே ஒரு புளியங்கொட்டை இருந்தது.

கருவால் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை விடவில்லை. "கிளம்பு, குடம் காத்திருக்கு," என்றது நரி. அவன் குடத்தை ஏற்றிக்கொண்டு வழுக்குப்பாறைப் பக்கம் நடந்தான்.

வெறும் சந்தேகத்துக்காகச் சக உழைப்பாளியின் உரிமையைப் பறிப்பவர், தம்மை நம்பி நின்றவரையே இழந்துவிடுவார்.