ஒன்பதும் நூற்று நாற்பதும்

ஐந்து நாடுகள் கொண்ட கண்டம் அது. ஐந்தின் எல்லைகளும் வந்து முட்டும் இடத்தில் ஒரு மலை, மலைமேல் ஒரு மடம். அந்த மடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அதனாலேயே ஐந்து நாடுகளும் அதை நம்பின. வேறு எந்த விஷயத்திலும் அவை ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை.

மடத்தின் தலைவி நாச்சியம்மைக்கு நாற்பத்தைந்து வயது. துறவு கொள்ளும் முன் இருபது வருடம் பிரசவம் பார்த்தவர். அவருடைய சீடர் ஆவுடையப்பருக்கு அறுபத்தொன்று. நெடுங்கரை நாட்டில் புள்ளிவிவர அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்த முதல் நாளே படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

ஐந்து நாடுகளின் மன்றம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தது. எந்த நாடு முன்னேறியிருக்கிறது, எது பின்தங்கிக் கிடக்கிறது என்று ஒப்பிட்டு ஒரு பட்டியல் வேண்டும். கடைசியில் வரும் நாட்டின் பள்ளிகளையும் மருத்துவச் சாலைகளையும் முதலில் வரும் நாடு எடுத்து நடத்தும். பழைய ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அவர்களுடைய பழக்கவழக்கங்களும் கூடவே போகவேண்டும்.

ஆவுடையப்பர் மூன்று வருடம் அலைந்தார். சாலை, பள்ளி, விளைச்சல் மூன்றிலும் ஐந்து நாடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. நான்காவது கட்டத்தில்தான் பட்டியல் பிரிந்தது. ஆயிரம் குழந்தைகளில் இறந்துபோவது எத்தனை? நெடுங்கரையில் ஒன்பது. காரைநாட்டில் நூற்று நாற்பது.

தன் சொந்த நாடே முதலில் வந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஓரவஞ்சனை என்று யாராவது சொல்லிவிட்டால்? மூன்று முறை சரிபார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பட்டியலை வாங்கிப்போக மன்றத்திலிருந்து ஆள் வந்த அன்று காலையில் அவர் நாச்சியம்மையிடம் போனார்.

"அம்மா, உங்க முத்திரை வேணும். மன்றத்து ஆள் கீழ குதிரையோட நிக்கறார். உச்சிப் பொழுதுக்குள்ள கிளம்பணுமாம்."

நாச்சியம்மை பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தார். நான்காவது கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"இதை யாருகிட்ட கேட்டீங்க, ஐயா?"

"கேக்கறதாவது! ரெண்டு நாட்டுப் பதிவேட்டையும் எழுத்து விடாம படிச்சிருக்கேன்."

"ஏட்டுல பொய் இருக்காதா?"

"ஒரு எழுத்து பொய்யில்லைம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

"சரி, சமையல்கட்டுக்கு வாங்க."

"இப்பவா? அந்த ஆள் காத்திருக்காரே."

"குதிரை கொஞ்சம் புல்லு தின்னட்டும்."

அன்று மடத்தில் அன்னதானம். ஐந்து நாடுகளிலிருந்தும் வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாச்சியம்மையும் ஓர் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆவுடையப்பர் கையில் ஒரு பூசணிக் கீற்றைக் கொடுத்து விதை எடுக்கச் சொன்னார். அந்த விதைகளை எண்ணாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பக்கத்தில் இருந்தவள் காரைநாட்டுப் பேச்சி.

"பேச்சி, உனக்கு எத்தனை புள்ளைங்க?" என்று நாச்சியம்மை கேட்டார்.

"ஏழு தாயி. நாலு இருக்கு, மூணு போயிருச்சு." கேட்காமலேயே ஏழு பெயரையும் வரிசையாகச் சொன்னாள். "கடைசியாப் போனவ முத்தரசி. மத்தியானம் பொறந்தா. விளக்கு வைக்கையில போயிட்டா."

"அதுக்குள்ள பேரு வச்சிட்டீங்களா?" ஆவுடையப்பரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அழுதுச்சுல்ல சாமி! எங்க ஊர்ல அழுதா பேரு உண்டு. மருத்துவச்சி கொடி அறுத்த கையோட ஏட்டுல எழுதிரும். போனாலும் எழுதிரும்."

அவருக்கு அவளை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. தன் பட்டியல் சரிதான் என்ற நிம்மதியும் கூடவே வந்தது.

"பாத்தீங்களா அம்மா, ஏழுல மூணு" என்றார் தணிந்த குரலில்.

நாச்சியம்மை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எதிரில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் பெயர் வடிவு, நெடுங்கரைக்காரி.

"உனக்கு எத்தனைம்மா?"

"மூணும்மா. மூணும் நல்லா இருக்காங்க."

"ஒண்ணும் தவறலையா?"

"இல்லையே. வேணும்னா பதிவேட்டுல பாத்துக்கலாம்" என்று சிரித்தாள் வடிவு.

ஆவுடையப்பர் தலையை ஆட்டினார். நாச்சியம்மை ஒரு வாழைக்காயைத் தோல் சீவி முடித்தார்.

"உனக்கு எத்தனை தடவை வலி எடுத்துச்சு?"

வடிவின் கை நின்றுவிட்டது. பிரசவம் பார்க்க வருகிறவள் முதலில் கேட்கும் கேள்வி அது. எந்த ஊரிலும் பெண்கள் அதற்கு மாற்றிச் சொல்வதில்லை.

"ஆறு" என்றாள்.

"மத்த மூணும்?"

"வருஷம் திரும்பலம்மா. எங்க பக்கத்துல வருஷம் திரும்பினாத்தான் பேரு வைப்போம். முன்னாடியே வச்சா கண்ணு பட்டுரும். பேரு வச்சப்புறம்தான் பதிவு."

"பேரு வைக்கறதுக்கு முந்தியே போயிட்டா?"

"அதைப் பத்தி வீட்டுல பேசறதில்லை." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சி முறத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பர் எழுந்து வெளியே வந்துவிட்டார். நெடுங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வழக்கம் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அது நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாச்சியம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பட்டியல் அவர் இடுப்பில் செருகியிருந்தது.

"தலைகீழா மாத்திடறேன் அம்மா. காரைநாட்டை மேல போட்டு, எங்களைக் கீழ போட்டுடறேன்."

"ரெண்டு பொம்பளைங்களைக் கேட்டா ஒரு கண்டம் தெரிஞ்சிடுமா?"

"பின்ன என்னதான் செய்யறது? இது இப்படியே போச்சுன்னா, காரைநாட்டு மருத்துவச்சிங்க ஏட்டை மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்த எடத்துல எங்க ஆளுங்க உக்காருவாங்க. அடுத்த வருஷமே காரைநாடும் ஒன்பதுன்னு எழுதும். எல்லாரும் கை தட்டுவாங்க."

தான் சொன்னதே அவருக்குப் பயமாக இருந்தது.

நாச்சியம்மை முத்திரை வைக்காத பட்டியலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வந்தவரைச் சாப்பிடச் சொல்லி அனுப்பிடுங்க. பட்டியல் வர இன்னும் நாளாகும்னு சொல்லுங்க. நீங்க மறுபடியும் போய்க் கேளுங்க."

"வீடு வீடாவா? எங்க ஊர்ல யாரும்மா வாயைத் திறப்பாங்க? பொம்பளைங்களாவது உங்களைப் பாத்தா சொல்லுவாங்க. எந்த ஆம்பளை சொல்லுவான்?"

"உங்க வீட்டம்மாவுக்கு எத்தனை தடவை வலி எடுத்துச்சு, ஐயா?"

தனக்கு இரண்டு பையன்கள் என்று மடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார் ஆவுடையப்பர். இப்போது பூசணி நார் ஒட்டியிருந்த விரல்களைத் துடைத்துக்கொண்டார். சமையல்கட்டிலிருந்து பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கீழே குதிரை ஒருமுறை கனைத்தது.

"மூணு" என்றார்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு. ஒன்பது மாசம் இருந்தா." பட்டியலை மடித்துக்கொண்டார். "அந்த வருஷத்துப் பதிவேட்டை எழுதினதே நான்தான் அம்மா. எங்க தெருவை என் கையாலதான் எழுதினேன். அதுல அவ இல்லை."

"அந்த ஒன்பது மாசமும் என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

அறுபத்தொரு வயது மனிதர் சின்னப் பிள்ளை போல அழுதார். நாச்சியம்மை தடுக்கவில்லை.

"சிட்டு" என்றார் கடைசியில். "சிட்டுன்னுதான் கூப்பிடுவோம்."

நாச்சியம்மை பட்டியலின் மறுபக்கத்தைத் திருப்பி, எழுதுகோலை அவர் கையில் வைத்தார்.

"ஒண்ணு" என்றார். "மேல எண்ணுங்க, ஐயா."