சீனியம்மாவின் ஆசை அட்டை

ஒரு ஊர்ல, காலைல எட்டு மணிக்கு, எண்ணூறு அட்டைக்கு நடுவுல ஒருத்தி உக்காந்திருந்தா. அவ பேரு சீனியம்மா. "ம்" சொல்லணும், அப்பதான் கதை நகரும்.

"ம்."

அது காலண்டர் செய்யுற ஊரு. அட்டை மேல தேதித் தாள் கட்டை வச்சு, தகரப் பட்டியை வச்சு, டக்குனு அடிச்சா ஒரு காலண்டர். டக், டக், டக். நாளைக்கு எண்ணூறு. தரையில உக்காந்துதான் அடிக்கணும்.

"இடுப்பு வலிக்காதா பெரியப்பா?"

வலிக்கும். அதனாலதான் அவளுக்கு ஒரு நாற்காலி மேல கண்ணு. ஆபீஸ் ரூம்ல, தேதி எல்லாம் சரியா அச்சாயிருக்கான்னு பாக்குற வேலை. சுத்துற நாற்காலி. ஆனா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். சீனியம்மா எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் பெயில். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்த பிறகு ஒரு தடவை எழுதுனா, இருபத்தெட்டு. ரெண்டாந்தடவை எழுதுனா, முப்பத்திமூணு.

"எத்தனை வேணும்?"

முப்பத்தஞ்சு.

"ஐயோ!"

அப்போ அவ போன்ல ஒரு வீடியோல ஒருத்தி பேசுனா. ஆசைப்பட்டதை எல்லாம் படமா வெட்டி, ஒரு அட்டைல ஒட்டி, தினமும் பாருங்க, நடக்கும்னு. சீனியம்மாவும் சாமி படம் ஒட்டாம விட்டுப்போன ஒரு அட்டையை எடுத்தா. கீழ ஏதோ ஒரு அரிசிக்கடை பேரு மட்டும் அச்சாயிருந்துச்சு. சர்ர்க், சர்ர்க்னு பேப்பரை வெட்டி, பேனா படம் ஒண்ணு, பரீட்சை எழுதுற பொண்ணு படம் ஒண்ணு, சுத்துற நாற்காலி படம் ஒண்ணு ஒட்டுனா. அடியில, 'சீனியம்மா, பத்தாவது கணக்கு, 35'னு எழுதுனா. யாருக்கும் சொல்லல. உக்காருற இடத்துக்குப் பக்கத்துல சாத்தி வச்சுக்கிட்டா.

"அப்புறம்?"

அப்புறம் கார்த்திகை மாசம். வேலை நெருக்கடி. லாரி வாசல்ல நிக்குது, பாம் பாம்னு. கை பாட்டுக்கு அட்டையை எடுக்குது, டக், எடுக்குது, டக். லாரி போன பிறகு திரும்பிப் பாத்தா, ஆசை அட்டையைக் காணோம்.

"யாரு எடுத்தா?"

அவளேதான். கையில பட்ட அட்டைக்கெல்லாம் தகரம் அடிச்சுப் பழகுன கை. அதுக்கும் தாளை வச்சு அடிச்சு, கட்டுக்குள்ள சொருகியாச்சு.

பக்கத்துல வேலை பாத்த குருவம்மா சிரிச்சா. "ஏ சீனி, உன் ஆசையை லாரில ஏத்தி விட்டுட்டியேடி!"

சீனியம்மாவுக்குச் சிரிப்பு வரல. இது நல்ல சகுனம் இல்லன்னு நினைச்சா. மூணாந்தடவைக்கு வாங்கி வச்ச பரீட்சை விண்ணப்பத்தை மடிச்சு, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டா. முழிச்சிருக்கியா?

"ம்... அட்டை எங்க போச்சு?"

துறையூருக்குப் போச்சு. அட்டைல பேரு அச்சாயிருந்த அந்த அரிசிக்கடைக்காரர் படத்தைக்கூட பாக்காம, பேப்பர்ல சுத்தி சலூன்கார பிச்சைமுத்துவுக்குக் குடுத்தாரு. பிச்சைமுத்து பிரிச்சுப் பாத்தா, நாற்காலி படம்! நம்ம கடைக்குன்னே அடிச்சிருக்காங்கன்னு கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. முடி வெட்ட வர்றவங்க வேற எதைப் பாப்பாங்க? கிரிச், கிரிச்னு கத்திரி ஓடும், கண்ணு காலண்டர்ல இருக்கும். "யாருய்யா இந்த சீனியம்மா? பாஸா, பெயிலா?" தினமும் இதே கேள்வி. பொறுக்கமாட்டாம பிச்சைமுத்து அரிசிக்கடைக்காரர் கிட்ட நம்பர் வாங்கி, காலண்டர் ஆபீசுக்கே போனைப் போட்டுட்டாரு. ட்ரிங், ட்ரிங்.

மேஸ்திரி பால்பாண்டி எல்லார் முன்னாடியும் கத்துனாரு. "யாரும்மா அது, கணக்கு முப்பத்தஞ்சு?"

சீனியம்மா குனிஞ்சுக்கிட்டே போய் போனை வாங்குனா. "அண்ணே, அந்த அட்டையைத் திருப்பி அனுப்பிருங்க."

"அது எப்படிம்மா? சுவத்துல மாட்டுன காலண்டரை வருஷம் முடியாம இறக்குவாங்களா? பரீட்சை என்னைக்குன்னு மட்டும் சொல்லு, அந்தத் தாள்ல குறிச்சு வச்சுக்குறேன்."

எழுதப் போறதில்லன்னு சொல்லத்தான் அவ வாயைத் திறந்தா. பின்னாடி குருவம்மா, மேஸ்திரி, எல்லாரும் அவ வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்தப் பக்கம் கத்திரிச் சத்தம் நின்னுபோச்சு.

"ஏப்ரல் ஒன்பது"ன்னா.

விண்ணப்பம் போட மறுநாள்தான் கடைசி நாள். வீட்டுக்கு ஓடி, அரிசி டப்பாவைத் தூக்கி, விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு, தடதடன்னு பஸ் பிடிச்சா.

"ம்... பாஸா?"

மே மாசம் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, ரிசல்ட் வந்துச்சு. கணக்குல நாப்பத்தொண்ணு. துறையூர் சலூன்ல அந்தத் தாளை மட்டும் யாரும் கிழிக்கல. ஆடி போய் ஆவணி வந்தும் அங்க மே பதினாறுதான். தேதி வேணும்னா பிச்சைமுத்து அரிசிக்கடைல எட்டிப் பாத்துக்குவாரு.

"நாற்காலி?"

ஜூன் ரெண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலைல ஒன்பதரை மணிக்கு சீனியம்மா அதுல உக்காந்தா. கிரீச்னு ஒரு சுத்து சுத்துச்சு.

கதைத் தாள் தீந்துபோச்சு, நீ கண்ணை மூடு.