ஒத்து ஊதிய நாயனக்காரர்

தூத்துக்குடியில் 'உப்புக்காத்து' என்று ஒரு ராக் பேண்ட். கிதார் உண்டு, பறை உண்டு, மாதா கோயில் கீபோர்டு உண்டு, நடுநடுவே கானாவும் வரும். அதில் ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார் நாயனக்காரர் குற்றாலலிங்கம். கோயில் வாசிப்பை விட்டுவிட்டு வந்தவரை ஊர் சும்மா விடுமா? "மனுசனுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு" என்றது.

பேண்டுக்குத் தலைவி ஜெனோவா. டிரம்ஸ் வாசிப்பவள், முப்பது வயசு. எல்லாருக்கும் அவள் மாஸ்டர். குற்றாலலிங்கத்துக்கும்தான்.

இரண்டு மேடை ஆயிற்று. வாசிக்க ஆரம்பித்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார், பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் தெரியாது. இரண்டு மேடையிலும் அவர் வாசிப்பு தனியாக நின்றது. மூன்றாவது மேடை கடற்கரை ரோட்டில். இன்றைக்கும் ஒட்டாவிட்டால் பேசாமல் கோயிலுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

மேடை ஏறுமுன் கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், எல்லார் வாசிப்பும் ஒண்ணோட ஒண்ணு சேருது. என் நாயனம் மட்டும் ஏன் சேரமாட்டேங்கு?"

ஜெனோவா டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு முதல் பாட்டுக்கு நீங்க ஒத்து ஊதுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. சிவக்காதா பின்னே? நாயனக்காரர் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கிறவன்தான் ஒத்துக்காரன். விரல் வேலை கிடையாது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆமாம்சாமி போடுகிறவனை 'ஒத்து ஊதுறான்' என்று ஏசுகிறோமே, அது அவனை வைத்து வந்த ஏச்சு.

"முப்பது வருசமா முன்னால நின்னு வாசிக்கவன் நான். என்னையப் போயா?"

"உங்களைத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"நான் குச்சியைத் தூக்கிக் காட்டுற வரைக்கும்."

மாஸ்டர் என்று வாய் நிறையக் கூப்பிட்டாயிற்று, இனி மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மூச்சைக் கன்னத்தில் தேக்கி ஒரே சுரத்தைப் பிடித்தார்.

விரலுக்கு வேலை இல்லை. காது என்ன செய்யும், பாவம்? கேட்க ஆரம்பித்தது.

பெலிக்ஸின் கிதார் தந்தியை வளைத்து வளைத்துக் கீழிருந்து ஏறி, அவர் சுரத்தில் வந்து உட்கார்ந்தது. அட, கமகம்! இந்தப் பயலுக்கு இது எப்போ வந்தது? பறை இடம் பார்த்து விழுந்தது. கானா பாடுகிறவன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிற மாதிரி அதே சுரத்துக்குத் திரும்பினான். குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

குச்சி உயர்ந்தது.

ஒத்தை விட்டுவிட்டு ராகத்தில் இறங்கினார். கண்ணை மூடவில்லை. பெலிக்ஸ் ஒன்று சொன்னான், இவர் ஒன்று சொன்னார், பறை இரண்டு பேரையும் கேலி பண்ணியது. கூட்டம் எழுந்து ஆடியது. ஒட்டிவிட்டதய்யா, ஒட்டியேவிட்டது!

மேடையை விட்டு இறங்கியதும் ஓடிவந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். நான் ராகத்துக்குப் போன பொறவும் ஒத்து நிக்கவே இல்லையே. யாரு பிடிச்சா?"

"பெலிக்ஸ், கீபோர்டு, மத்தவங்க. மாறி மாறிப் பிடிச்சாங்க."

"நல்ல பிள்ளையள்லா! இன்னிக்கு இப்படிச் செய்யணும்னு நீங்கதான் சொன்னீங்களோ?"

ஜெனோவா கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"போன ரெண்டு மேடையிலயும் அவங்கதான் பிடிச்சாங்க, அண்ணாச்சி."