அல்லியின் கழுத்துப்பட்டை

பிள்ளைகளே, மூங்கில் மண்டிய ஒரு காட்டில், புலிகள் எங்கெங்கே திரிகின்றன என்று அறிய வனக்காவலர்கள் அவற்றின் கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார்கள். பட்டை போகும் இடமெல்லாம் கைப்பேசியில் ஒரு சிவப்புப் புள்ளியும் போகும்.

ஒருநாள் ஒரு காவலர் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, புதுப் பட்டை ஒன்றையும் கைப்பேசியையும் அங்கேயே மறந்துவிட்டுப் போனார். அவரைத் திட்டத்தான் வேண்டும். அவை போயும் போயும் கிளைக்கொம்பன் என்னும் ஆண் மானின் கண்ணில் பட்டன. பட்டையை அங்குமிங்கும் இழுத்துப் பார்த்து, புள்ளியின் சங்கதியை அவன் புரிந்துகொண்டான்.

கிளைக்கொம்பன் பார்க்க அழகன்தான். கோபம் வந்தால் முட்டுவான். அவனுடைய துணை அல்லி விலாவில் இரண்டு முறை குத்து வாங்கியிருந்தாள். வயிற்றில் குட்டி வளரத் தொடங்கியதும், "இனி உன்னோடு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் கண் கலங்கினான். "போ, தடுக்க மாட்டேன். என் நினைவாக இதை மட்டும் போட்டுக்கொள்" என்று கொம்பில் தொங்கிய பட்டையை அவள் கழுத்தில் சரியவிட்டான். அதில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது. இத்தோடு விட்டது என்று அல்லியும் போட்டுக்கொண்டாள்.

மூங்கில் புதருக்குள் போய்ப் படுத்தாள். விடிந்து பார்த்தால் எதிரே கிளைக்கொம்பன். "தற்செயலாக வந்தேன்" என்றான்.

மான்கள் தப்ப நினைத்தால் ஓடையில் இறங்கி நடக்கும். தண்ணீர் வாசனையைக் கழுவிவிடும். மோப்பம் பிடித்து வருகிறவன் கரையிலேயே திகைத்து நிற்பான். அல்லியும் ஓடையில் வெகுதூரம் நடந்து மறுகரை ஏறினாள். அங்கேயும் அவன் வந்தான். இந்த முறை பேசவில்லை, முட்டினான்.

அல்லிக்கு ஒன்றுமே புரியவில்லை. குட்டி போடும் நாளோ நெருங்கிவிட்டது. பிறந்த குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் மான் மேயப் போகும். ஒளிக்க இடமே இல்லாத காட்டில் எங்கே போய் ஈனுவது?

முயலிடம் கேட்டாள். "தேடித் தேடி வருகிறான் என்றால் உன்மேல் எவ்வளவு பாசம்! கொடுத்துவைத்தவள் நீ" என்றது முயல். பாசம் என்றால் விலா ஏன் வலிக்கிறது என்று அல்லி குழம்பினாள்.

முள்ளம்பன்றியிடம் கேட்டாள். "யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். கூட இருப்பவர்களைக் கவனி" என்றது அது.

கூட இருந்தது மந்தி ஒன்றுதான். மரத்திலிருந்து தளிர் பறித்துப் போடும், புலி வந்தால் கத்திச் சொல்லும். பாவம், அதன்மேலும் அல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இனி உன் மரத்தடிக்கு வர மாட்டேன், அக்கா" என்றாள்.

மந்திக்குக் கோபம் வந்தது. "நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, தங்கச்சி. ஆனால் மேலே இருந்து பார்த்தேன். அவன் தரையை மோப்பம் பிடிப்பதே இல்லை. பாறைமேல் பளபளவென்று எதையோ வைத்திருக்கிறான். அதைப் பார்க்கிறான், நேராக உன்னிடம் வருகிறான்."

மூக்கை நம்பாதவன் எதை நம்பி வருகிறான்? அல்லிக்கு இன்னும் தலை சுற்றியது. மூங்கில் புதரில் என்னோடு யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. ஓடையில்? அங்கேயும் யாரும் இல்லை, தண்ணீருக்குள்ளும் மினுக்கிய இந்தப் பட்டையைத் தவிர.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, இதைக் கழற்று" என்றாள்.

மந்தி கழற்றித் தூர எறியப் போனது.

"எறியாதே. எறிந்தால் வேறொன்றைக் கொண்டுவருவான். மேட்டுக் குகையில் ஒரு கரடி குட்டிகளோடு இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்ப் போடு."

கிளைக்கொம்பன் புள்ளியைப் பார்த்தான். நேராகக் குகைக்குப் போனான். "இங்கே ஒளிந்தால் விட்டுவிடுவேனா?" என்று தலையைக் குனிந்து இருட்டுக்குள் பாய்ந்து முட்டினான். முட்டுப்பட்டது கரடி. அவன் வெளியே வந்து விழுந்தபோது, ஒரு கொம்பும் மூன்று கால்களும்தான் ஒழுங்காக இருந்தன.

செய்தி கேட்ட முயல் குழம்பிப்போனது. "கரடிமேலும் அவனுக்குப் பாசமா?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டது.

அல்லி குட்டியை ஈன்று புல்லில் ஒளித்துவைத்தாள். எந்தப் புல்லில் என்று எனக்கும் தெரியாது. பிறகு மந்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். குட்டி எங்கே இருக்கிறது என்று மந்தி கேட்கவே இல்லை. தளிர் பறித்துப் போட்டுவிட்டு, புலி வருகிறதா என்று பார்க்க உச்சிக்கிளைக்கு ஏறியது.

நீதி: ஒருத்தி சொல்லாமலே அவள் இருக்கும் இடத்தை அறிந்து பின்தொடர்கிறவன் அன்பன் அல்லன், வேட்டைக்காரன்.