மூலனூர்க் கிளையில் கோழி வெந்த விதம்

செங்கொண்டை கிரில் சிக்கன் கடைக்குக் கொங்குச் சீமையில் மொத்தம் ஒன்பது கிளை. இருந்த புத்தியை எட்டுக் கிளைக்குப் பங்கு வைத்து முடித்த பிறகுதான் மூலனூரில் ஒன்பதாவதைத் திறந்தார்கள்.

அங்கே மேனேஜர் ஆறுச்சாமி. அதுவரை தாராபுரம் கிளையில் ஆறு வருசம் வெங்காயம் உரித்த மனுசன். திறப்பு நாளன்று பதினோரு மணிக்கு முதலாளி சென்னியப்பன் வந்து முதல் கோழியைத் தின்று பார்ப்பார். சரியில்லை என்றால் ஆறுச்சாமி மறுபடி வெங்காயத்துக்குப் போக வேண்டியதுதான். பாவம், மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சுவரில் முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் ஒட்டியிருந்தது. ‘கோழி முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் மிஷினில் கை வைக்கக் கூடாது.’

பத்தேகாலுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து கோழி கம்பியில் சுற்ற ஆரம்பித்தன. ஒரு சுற்று முடிவதற்குள் கரண்டு போய்விட்டது. பின்பக்கம் கேஸ் தீ அதுபாட்டுக்கு எரிகிறது, கோழி அப்படியே நிற்கிறது.

“கையில திருப்பி உட்றலாமுங்களா?” என்றாள் மசாலா தடவும் திருமாத்தாள்.

“தாளைப் படிங்கக்கா. கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது,” என்றார் ஆறுச்சாமி.

மூவரும் யோசித்தார்கள். பரிமாறும் கிட்டானுக்குத்தான் பிடிபட்டது. “பஸ்ஸுல போறப்ப புளியமரமெல்லாம் ஓடுதுங்க. மரமா ஓடுது? நாமதானுங்களே போறோம். அப்ப நாம சுத்துனா கோழி சுத்துன மாதிரிதானுங்களே?”

ஆறுச்சாமிக்குப் புல்லரித்தது. இப்பேர்ப்பட்ட மூளையைத் தட்டுத் தூக்க வைத்திருக்கிறார்களே என்று வருத்தமாகவும் இருந்தது.

மிஷின் சுவரோரம் இருந்தது, சுற்றிவர வழியில்லை. கை வைக்கக் கூடாது அல்லவா, முதுகை வைத்து நடுக்கடைக்குத் தள்ளினார்கள். முதுகு சுட்டது, ஆனால் சட்டத்தை மீறவில்லை. அப்புறம் வரிசையாக வலம் வந்தார்கள்.

“பின்னால போனா கோழி தெரியலீங்களே,” என்றாள் திருமாத்தாள்.

“தெரியாதப்பத்தான் அந்தப் பக்கம் வேகுது,” என்றான் கிட்டான்.

பார்சல் வாங்க மூன்று பேர் வந்தார்கள். “நின்னா வேகாதுங்க,” என்று ஆறுச்சாமி சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் இறங்கினார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். வரிசையில் இடமில்லாததால் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள்.

சரியாகப் பதினோரு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். கோழியை எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் அடுப்புக்கரி, முன்பக்கம் பச்சைக்கறி.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு முதலாளி தாடையைச் சொறிந்தார். “எந்தப் பக்கமாச் சுத்துனீங்க?”

“நாங்க மூணு பேரு வலமாங்க. அவிய மூணு பேரு இடமாங்க.”

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “நீங்க திருப்புனதை அவிய திருப்பி உட்டுட்டாங்க. அப்புறம் எப்படிய்யா வேகும்? எட்டுக் கடை நடத்துறவன், எனக்குத் தெரியாதா?”

“இப்ப என்னங்க பண்றது?” என்றார் ஆறுச்சாமி.

“கோழியைக் கம்பியில மாட்டு. எல்லாரும் வந்த வழியே பின்னால நடங்க. கருகுனது தெளிஞ்சா நீ மேனேஜரு. தெளியலைன்னா வெங்காயம்.”

முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்தார். ஏழு பேரும் பின்னோக்கி நடந்தார்கள். பத்துச் சுற்று ஆனதும் ஆறுச்சாமிக்குச் சந்தேகம் வந்தது.

“முதலாளி, ரொம்ப நடந்துட்டா முழுசாப் பச்சையாயிருமுங்களே?”

“ஆயிரும்.”

“அதுக்கு மேலயும் நடந்துட்டா?”

சென்னியப்பன் நடந்துகொண்டே யோசித்தார். முகம் வெளிறியது. “கிட்டான், நீ நடந்தது போதும். ஓடிப்போய்க் கதவைச் சாத்து. அஞ்சும் பறந்துரும்.”

கிட்டான் சாத்தினான். யாரும் சொல்லாமலே ஆறுச்சாமி உள்ளே போய், ஒரு படி அரிசி கொண்டுவந்து தரையில் இறைத்தார்.

சென்னியப்பன் அவரைத் தட்டிக்கொடுத்தார். வேலை அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது.