ஆறாவது பூதம்

கயலி என்ற நீர்நாய்க்கு ஆற்றங்கரை வேர்களுக்கடியில் ஒரு வளை இருந்தது. வெயில் காலத்துக்கு அதைவிடச் சுகமான வீடு அந்தக் காட்டில் கிடையாது. ஆனால் ஆடி மழை பிடித்துவிட்டால் ஆறு ஏறிவந்து வளையை நிரப்பிவிடும். அப்போது கயலி தன் குட்டிகள் நான்கையும் ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு, மேட்டிலிருந்த பழைய பங்களாவுக்குப் போய்விடும். மனிதர்கள் கைவிட்டுப்போன கட்டடம் அது. ஓடுகள் பாதி இல்லை. தகரம் வேய்ந்த பரண் மட்டும் ஒழுகாது.

இந்த ஆண்டு அந்தப் பரணைப் புனுகன் என்ற மரநாயும் கேட்டது.

"மூணு மழைக்கு நீங்கதான் இருந்தீங்க, அக்கா. இந்தத் தடவை எங்களுக்கு விட்டுடுங்க. எங்க வீட்டிலயும் குட்டி பொறந்திருக்கு" என்றது புனுகன். குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை.

"ஆத்துத் தண்ணி உன் மரப்பொந்து வரைக்கும் ஏறுமா?" என்று கேட்டது கயலி.

"ஏறாது. ஆனா ஒழுகும்."

"ஒழுகுறதுக்கும் முழுகுறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"அதை நாம ரெண்டு பேரும் பேசித் தீர்க்க முடியாது. பூதக்களத்துல தீர்த்துக்கலாம்."

இடத்தகராறு வந்தால் ஒருவரையொருவர் கடிக்கக் கூடாது, பூதக்களத்தில் மோதித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். பூதக்களம் என்பது ஒரு வீடியோ கேம். சுற்றிப் பார்க்க வந்த யாரோ அதை ஆடுகிற கையடக்கப் பெட்டியைப் பங்களாவில் விட்டுப் போய்விட்டார்கள். கூரையிலிருந்த சோலார் பலகை இன்னும் வேலை செய்ததால் பெட்டிக்குச் சார்ஜ் ஏறும். ஒவ்வொருவரும் ஆறு பூதங்களை வைத்து ஓர் அணி சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பூதம் களத்தில் இறங்கும். எதிரியின் ஆறும் விழுந்துவிட்டால் வெற்றி. நீர்ப் பூதம் நெருப்பை அணைக்கும். மின்னல் பூதம் நீரை இரண்டு மடங்கு தாக்கும். மண் பூதத்தை மின்னல் ஒன்றும் செய்யாது. அந்தக் காட்டில் குட்டிகளுக்குக்கூட இது தெரியும்.

"சரி, ஆனிப் பௌர்ணமியன்னிக்கு மத்தியானம் ஆடுவோம்" என்றது கயலி.

பகலில் தூங்கும் புனுகனுக்கு மத்தியானம் என்பது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டியது.

கயலிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அதன் மனம் ஏழு வருடங்களுக்கு முந்தைய ஒரு மழைக்குப் போய்விட்டது. அந்த வருடம் பதினெட்டு நாள் விடாமல் பெய்தது. கயலியும் ஓட்டன் என்ற ஆமையும் பரணில் மாட்டிக்கொண்டார்கள். தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. படிக்கட்டு வரை ஏறிய தண்ணீரில் நண்டு பிடித்துத் தின்றார்கள். பெட்டியை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஓட்டன் ஒரு பட்டனை அழுத்துவதற்குள் கயலி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். அப்போதுதான் அவர்கள் 'நீர்ப்படை'யைச் சேர்த்தார்கள். ஆறும் நீர்ப் பூதங்கள். மழை விட்டதும் நடந்த பெரிய போட்டியில் காட்டையே ஜெயித்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த வெள்ளத்தில் ஓட்டன் ஆற்றோடு போய்விட்டது. கடலுக்குப் போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். திரும்பி வரவில்லை.

'அதே ஆறு பூதங்களையும் திரும்பச் சேர்ப்பேன். ஓட்டன் இல்லாவிட்டாலும் ஓட்டனுடைய படை ஜெயிக்கட்டும்' என்று கயலி நினைத்துக்கொண்டது.

பழைய பூதங்கள் பெட்டியில் இல்லை. எத்தனையோ பேர் ஆடி, அழித்து, புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். கயலி பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது. அலைமுதலை கிடைத்தபோது, முன்பு அதைப் பிடித்த அன்று ஓட்டன் கழுத்தை எவ்வளவு நீட்டியது என்பது ஞாபகம் வந்தது. முத்தோடன் கிடைத்தபோது கயலி கொஞ்ச நேரம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டது. முதுகில் முத்துப் பதித்த சின்னப் பூதம் அது. ஓட்டனுக்குச் செல்லம். "இவன்மேல ஒரு கீறல் விழக்கூடாது" என்று சொல்லி, ஓட்டன் அதைக் கடைசியாகத்தான் இறக்கும்.

ஐந்து சேர்ந்தன. ஆறாவது எது என்று மட்டும் சரியாக நினைவில்லை. நுரையனாக இருக்கும் என்று அதையும் சேர்த்துக்கொண்டது.

போட்டிக்கு நடுவராக இருக்கப்போகிற செம்பி என்ற மலையணில் ஒரு நாள் வந்து பார்த்தது. "ஆறும் நீரா? எங்கிட்ட ரெண்டு மின்னல் பூதம் இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போமா?" என்றது.

ஆடினார்கள். செம்பியின் இரண்டு மின்னல் பூதங்கள் நீர்ப்படை முழுவதையும் கரையில் எறிந்த மீன்களைப் போலக் கிடத்திவிட்டன.

"ஒண்ணையாவது மாத்து, கயலி" என்றது செம்பி.

"மாத்த மாட்டேன். இந்தப் படை அன்னிக்குத் தோக்கல."

பலாமரக் கிளையில் தூங்குவதுபோலப் படுத்திருந்த புனுகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கே தன் அணியிலிருந்த நெருப்பையும் செடியையும் கழற்றிவிட்டு, ஆறு இடத்திலும் மின்னல் பூதங்களையே நிறுத்தியது.

செம்பி கிளம்பும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டது. "அன்னிக்கும் எதிர்ல மின்னல் பூதம் வந்திருக்குமே. எப்படிச் சமாளிச்சீங்க?"

அது மட்டும் கயலிக்கு ஞாபகம் வரவில்லை.

நூறு தடவை சொன்ன கதை அது. குட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கொக்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. எப்படிச் சமாளித்தோம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. செம்பி போனபிறகு கயலி பெட்டிக்குள் துழாவியது. பழைய வெற்றிகளின் படங்களைப் பெட்டி ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தது. அதை யாரும் அழிக்க முடியாது. கயலி பின்னால் பின்னால் போய் ஏழு வருடத்துக்கு முந்தைய படத்தை எடுத்தது.

ஆறு பூதங்கள் வரிசையாக நின்றன. ஐந்து நீலம். ஆறாவது பழுப்பு. சேறு வழியும் மூஞ்சி, கட்டைக் கால், பிதுங்கிய வயிறு. அதன் பெயர் சேற்றுமூஞ்சி. அது மண் பூதம்.

படத்தின் கீழே 'கயலி, ஓட்டன்' என்று எழுதியிருந்தது. ஆனால் சேற்றுமூஞ்சியைப் பிடித்தது கயலியும் இல்லை, ஓட்டனும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பரணின் மூன்றாவது மூலை கயலிக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஈர முடியோடு மண்ணாண்டி என்ற பெருச்சாளி உட்கார்ந்திருந்தது. பதினெட்டு நாளும் உட்கார்ந்திருந்தது.

மண்ணாண்டி வேறெங்கும் போய்விடவில்லை. பங்களாவின் சமையலறைச் சுவருக்குக் கீழேதான் வளை தோண்டிக் குடியிருந்தது. பரணிலிருந்து நாற்பது அடி இருக்கும். கயலி வளைவாசலில் போய் நின்று கூப்பிட்டது.

மண்ணாண்டி மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. "என்ன, வழி தவறிட்டியா?"

"உன்னைத்தான் பார்க்க வந்தேன். சேற்றுமூஞ்சி வேணும்."

"அதானே பார்த்தேன். நான் வேணும்னு வந்திருக்க மாட்டே."

கயலி தலைகுனிந்தது. "அன்னிக்கு நீயும் இருந்தேங்கிறதே எனக்கு மறந்துபோச்சு, மண்ணாண்டி. பொய் சொல்லல. நெஜமாவே மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கல" என்றது மண்ணாண்டி. "ஜெயிச்சதும் எல்லாரும் கேட்டாங்க. நீ 'நீர்ப்படை'ன்னு சொன்னே. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. சேற்றுமூஞ்சி அதுல ஒட்டல. பேர் எழுதுறப்போ மூணு பேருக்கு இடம் பத்தலைன்னு சொன்னீங்க. அடுத்த மழைக்கு நீங்க ரெண்டு பேரும் பரணுக்கு ஏறிப் போனீங்க. நான் இந்த வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

"அது தப்பு. இடம் இருந்துச்சு. நாங்கதான் விடல" என்றது கயலி.

மண்ணாண்டி மீசையைத் தடவிக்கொண்டது. "பரண் போச்சுன்னா உன் குட்டிங்க எங்கே போகும்?"

"தெரியல."

"நான் உனக்காக வரல, குட்டிங்களுக்காக வர்றேன். சேற்றுமூஞ்சி சேத்துல இருக்காது. பாறைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அதைப் பிடிக்க எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தது. முன்னைவிட இளைத்திருந்தது. காது ஒன்று கிழிந்திருந்தது. இந்த ஏழு வருடத்தில் அந்தக் காது எப்போது கிழிந்தது என்பதுகூடத் தனக்குத் தெரியாதே என்று கயலிக்கு உறைத்தது.

நுரையன் இருந்த இடத்துக்குச் சேற்றுமூஞ்சி வந்து சேர்ந்தது. ஆனிப் பௌர்ணமியும் வந்தது. பங்களாவின் முற்றத்தில் காடே கூடிவிட்டது. கயலியும் மண்ணாண்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே புனுகன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. செம்பி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது.

கயலி முதலில் அலைமுதலையை இறக்கியது. புனுகனின் மின்னல் ஒரே அடியில் அதை வீழ்த்தியது. அடுத்ததும் அப்படியே போயிற்று. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"அக்கா, பேசாம இப்பவே பரணைக் கொடுத்துடலாமே" என்றது புனுகன்.

மூன்றாவதாகச் சேற்றுமூஞ்சி கட்டைக் கால்களை ஊன்றிக் களத்தில் இறங்கியது.

புனுகனின் கொட்டாவி பாதியில் நின்றது. மின்னலை விட்டது. சேற்றுமூஞ்சி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இன்னொரு மின்னலையும் விட்டது. அதுவும் மண்ணுக்குள் போய் மறைந்தது. சேற்றுமூஞ்சி மெதுவாக நடந்து போய் வயிற்றால் ஒரு மோது மோதியது. மின்னல் பூதம் விழுந்தது. புனுகனிடம் மாற்று ஏதும் இல்லை. ஆறு இடத்திலும் ஒரே சரக்கைத்தானே அடுக்கியிருந்தது?

ஆனால் புனுகன் முட்டாள் அல்ல. மின்னலை விட்டுவிட்டுத் தன் பூதங்களை வெறும் பல்லால் கடிக்க வைத்தது. கடி சின்னதுதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுமூஞ்சியின் உயிர்க்கோடு தேய்ந்தது. அது மூச்சு வாங்க வேண்டும் என்று கயலி நடுவில் இரண்டு நீர்ப் பூதங்களை இறக்கியது. இரண்டும் போயின. அதற்குள் புனுகனின் பக்கமும் ஐந்து பூதங்கள் விழுந்துவிட்டன.

கடைசியில் புனுகனிடம் ஒரு மின்னல் பூதம் புதிதாக நின்றது. கயலியிடம் இரண்டு இருந்தன. ஒரு கடிகூடத் தாங்காத சேற்றுமூஞ்சி. இதுவரை ஒரு கீறலும் படாத முத்தோடன்.

முத்தோடனுக்கு ஒரு வித்தை தெரியும். தன் உயிர் முழுவதையும் மழையாகப் பெய்துவிட்டு அது சாய்ந்துவிடும். அந்த மழையில் நனைகிற பூதம் பிழைத்து எழும்.

மண்ணாண்டி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீயே முடிவு பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றது.

ஓட்டனின் செல்லத்தைத் தன் கையாலேயே விழவைப்பதா? கேவலம் அந்தச் சேற்றுமூஞ்சிக்காகவா? அப்படி நினைத்த மாத்திரத்தில் அதற்கே வெட்கமாக இருந்தது. ஏழு வருடம் முன்பும் இதே நினைப்புதான் மண்ணாண்டியை வெளியே நிறுத்தியது. கயலி முத்தோடனைக் களத்தில் இறக்கி, மழையைப் பெய்ய வைத்தது. ஸ்கிரீன் முழுக்க நீல மழை பெய்தது. முத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சேற்றுமூஞ்சி எழுந்து நின்று, மெதுவாக நடந்துபோய் மோதியது.

புனுகனின் ஆறாவது பூதமும் விழுந்தது.

"பரண் கயலிக்கு" என்று செம்பி அறிவித்தது. புனுகன் எழுந்து உடம்பைக் குலுக்கிக்கொண்டது. "நீங்க பழசை விடவே மாட்டீங்கன்னு நெனச்சேன், அக்கா. அதை நம்பித்தான் ஆறையும் அடுக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் பலாமரத்துக்குத் தூங்கப் போனது.

ஆடி மூன்றாம் தேதி மழை பிடித்தது. ஆறு ஏறியது. கயலி குட்டிகளைப் பரணில் சேர்த்துவிட்டு, நனைந்துகொண்டே கீழே இறங்கிப் போய்ச் சமையலறைச் சுவரோரம் நின்றது.

"மண்ணாண்டி, மேல வா."

"எதுக்கு? ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே."

"குட்டிங்களுக்கு அந்தப் பதினெட்டு நாள் கதையை நீ சொல்லணும். எனக்குப் பாதிதான் தெரியும்."

மண்ணாண்டி வந்தது. கதை சொன்னது. கயலி குட்டிகளோடு குட்டியாக உட்கார்ந்து கேட்டது. நாலாம் நாள் பலாக்கொட்டையைச் சுமந்து வந்தது யார், கயலிக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்துச் சூடு கொடுத்தது யார் என்பதெல்லாம் கயலிக்கு அன்றுதான் திரும்பக் கிடைத்தது. அந்தப் பழைய மழை, தான் இத்தனை நாள் சொல்லிவந்ததைவிடப் பெரியதாக இருந்தது.

"கடைசி ஆட்டத்துல நடந்தது உனக்கு நெனப்பு இருக்கா?" என்று கேட்டது மண்ணாண்டி. "என் சேற்றுமூஞ்சி சாகக் கிடந்துச்சு. ஓட்டன்தான் முத்தோடனை இறக்கி மழை பெய்ய வச்சான். நீ பார்க்கமாட்டேன்னு முகத்தை மூடிக்கிட்டே. அன்னிக்கு மட்டும்தான் ஓட்டன் பட்டனை வேகமா அழுத்தினான்."

கயலி சிரித்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. தகரத்தில் மழை பலமாக அடித்தது. சத்தத்தில் பேச்சுக் கேட்காமல் போகவே, எல்லோரும் மண்ணாண்டியை ஒட்டி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

பழைய நாட்களின்மேல் ஆசை வைத்திருப்பவர்கள், அந்த நாட்களைச் சுமந்தவர்களில் ஒருவரையும் கதையின் அழகுக்காக விட்டுவிடக் கூடாது.